அடுத்த மேஜை தெரியவில்லையே!

ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் அமெரிக்காவில் இருக்கும் பேரனுடைய முகத்தைப் பாட்டியார் அடுக்களையில் அமர்ந்தபடியே கண்டு ஆனந்திக்கிறார். பேரன் சிரித்தால் இவரும் சிரிக்கிறார். பேரன் இருமினால் இவர் சுக்குக் கஷாயம் சொல்லுகிறார். ஆனால் அதே வீட்டுப் பிள்ளையாண்டான், தன் காரியாலயத்தில் அடுத்த மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டரைத் தன்னுடைய கம்ப்யூட்டரின் வழியாகப் பார்க்க முடியாமல் திண்டாடுகிறான்! மாதக் கடைசி. சம்பளப் பட்டியல் அந்த அடுத்த யந்திரத்தில் இருக்கிறது. "நெட்வொர்க்" என்று எழுதிய சின்னத்தைத் தட்டுகிறான். ஜன்னல் திறக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. எட்டிப் பார்த்தால் அடுத்த மேஜைக்காரர் சாவதானமாக உட்கார்ந்திருக்கிறார். அவருடைய யந்திரமும் ஓடிக் கொண்டிருக்கிறது. கம்ப்யூட்டரைக் கேட்டாலோ, "அப்படி ஒருவரும் இங்கே இல்லை" என்று கையை விரிக்கிறது.

இதைப் பலர் யந்திரக் கோளாறு என்று எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அது கோளாறே அன்று. தக்க காரணத்தோடு சாத்தப்பட்ட கதவு அது. அந்தக் கதவு ஏன் சாத்தப்பட்டது, அதை எவ்வளவு திறக்கலாம், எந்த அளவுக்கு மேல் திறக்கவே கூடாது என்ற மூன்று விஷயங்களையும் காரியாலயத்துக்குப் போகிறவர்கள் மட்டுமல்ல, அவர்கள் கொண்டு வரும் சம்பளத்தில் குடித்தனம் நடத்துகிறவர்களும் தெரிந்து கொள்வது நலம். அவர்களுடைய பெயரும் சம்பளமும் வைத்தியச் செலவும் அந்த யந்திரங்களுக்குள்ளேதான் இருக்கின்றன.

ஆகாசத்திலிருந்து கம்பிக்கு

ஒரு காரியாலயத்திலுள்ள கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஏற்பாட்டுக்கு இன்று உலகெங்கும் வழங்கும் பெயர் "ஈதர்நெட்". 1973-ஆம் ஆண்டு மே மாதம் 22-ந் தேதி, கலிபோர்னியாவிலுள்ள பாலோ ஆல்டோ நகரில், ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிசாலையில் பணியாற்றிய ராபர்ட் மெட்காப் என்பவர் இதைப் பற்றிய யோசனையை எழுதி மேலதிகாரிகளுக்குக் கொடுத்தார். டேவிட் பாக்ஸ் என்ற தோழருடன் சேர்ந்து அதைச் செய்தும் காட்டினார். ஆராய்ச்சிசாலையில் இருந்த கம்ப்யூட்டர்கள் யாவும் ஒன்றோடொன்று பேச வேண்டும். அருமையான அச்சு யந்திரம் ஒன்றை எல்லோரும் பொதுவில் உபயோகிக்கவும் வேண்டும் என்பதே அவர்களுடைய நோக்கம்.

பெயர் வந்த கதை வேடிக்கையானது. ஒளி பரவுவதற்கு ஆதாரமாக ஆகாசமெங்கும் "ஈதர்" என்னும் நுட்பமான வஸ்து நிறைந்திருப்பதாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டு விஞ்ஞானிகள் எண்ணி வந்தார்கள். அப்படி ஒரு வஸ்து இல்லை என்று பிற்பாடு தெரிய வந்தது. வஸ்து போய்விட்டாலும் பெயர் வீண்போகவில்லை. கம்பிக்கு வந்து சேர்ந்தது!

யோசனையின் மூலமும் ஆகாச வழியாக வந்ததுதான். ஹவாய்த் தீவுகளில் 1971-இல் நார்மன் ஆப்ராம்ஸன் என்ற பேராசிரியரின் குழுவினர் தீவுக்குத் தீவு ரேடியோ மூலம் கம்ப்யூட்டர் செய்திகளை அனுப்பும் முறையை நடத்திக் காட்டினார்கள். எல்லோருக்கும் ஒரே ஆகாசம். இருவர் ஒரே சமயத்தில் பேசிவிட்டால் இருவர் பேச்சும் கெட்டுப் போகும். அப்போது ஒவ்வொருவரும் சற்றுப் பொறுத்து மறுபடி பேச வேண்டும். மெட்காப் இந்த மரியாதையைச் சீர்திருத்திக் கம்பிக்குக் கற்றுக் கொடுத்தார். நம்முடைய சபைகள் பலவற்றுக்கும் இதைக் கற்றுக் கொடுக்கலாம் என்று தோன்றுகிறது.

அந்த நாளில் கம்பி ஒன்றே; ஒருவர் பேசினால் ஊரார் அனைவருக்கும் கேட்கும். இந்த நாளில் நடுவே "ஸ்விட்ச்" என்ற பெட்டி ஒன்று அமர்ந்து, விலாசம் பார்த்துக் கடிதம் கொடுக்கும் தபால்காரரைப் போல, உரியவருக்கு மட்டும் செய்தியைச் சேர்ப்பிக்கிறது. ஆயினும் பழைய வழக்கம் ஒன்று மாறாமல் இருக்கிறது. அதுதான் தமுக்கு அடிப்பது! "இன்ன பெயருள்ள யந்திரம் இங்கே இருக்கிறேன்" என்று ஒரு கம்ப்யூட்டர் பொதுவில் கூவினால், அந்த நெட்வொர்க்கில் உள்ள அனைவருக்கும் அது கேட்கும். ஆனால் தமுக்கின் ஓசை தெருக்கோடி வரையில்தான். தெருக்கோடியில் "ரௌட்டர்" என்ற காவல்காரர் நிற்கிறார். அவர் கடிதங்களை அப்பால் அனுப்புவார். தமுக்கு ஓசையை அனுப்பமாட்டார். அமெரிக்காவிலுள்ள பேரன் தெரிவதும் அடுத்த மேஜை தெரியாததும் இதனால்தான். பேரனிடம் பேசும்போது நாம் சரியான விலாசத்துக்குப் போகிறோம். அடுத்த மேஜையைத் தேடும்போதோ, யாராவது தமுக்கு அடிக்கிறார்களா என்று காது கொடுத்துக் கொண்டிருக்கிறோம்.

காரியாலயத்தில் ஒரு தேர்தல்

1995-இல் வெளிவந்த விண்டோஸ் 95-ல் "அண்டை அயல்" என்று பொருள்படும் பெயருடன் ஒரு சின்னம் இருந்தது. அதைத் தட்டினால் காரியாலயத்தில் உள்ள கம்ப்யூட்டர்களின் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். பெயர் ஒவ்வொன்றும் பதினைந்து எழுத்துக்கு மேற்படக் கூடாது என்பது விதி. மாடியிலுள்ள கணக்குப் பிள்ளையின் யந்திரமும், கீழே சரக்கறையிலுள்ள யந்திரமும் பக்கம் பக்கமாகத் தெரியும். பார்த்தவர்கள் பரவசமானார்கள்.

அந்தப் பட்டியலைத் தயாரித்தவர் யார் என்று பலர் கேட்டதில்லை. உண்மையில் அதற்காக ஒரு தேர்தல் நடந்து கொண்டிருந்தது! ஆம், நெட்வொர்க்கிலுள்ள கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் போட்டியிட்டு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்துக் கொள்ளும். எவர் புதிய விண்டோஸ் உடையவர், எவர் நெடுநேரமாக விழித்திருக்கிறவர் என்பன போன்ற யோக்யதைகளைக் கொண்டு வெற்றி நிர்ணயமாகும். வென்றவர் பட்டியலை வைத்துக் கொள்ள வேண்டும். அவரை யாராவது நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால், மறுபடியும் தேர்தல்.

ஒவ்வொரு கம்ப்யூட்டரும் பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை "இருக்கிறேன்" என்று கூவ வேண்டும். மூன்று முறை குரல் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். திடீரென்று மின்சாரம் போய் நின்றுவிட்ட யந்திரம் இவ்விதம் 36 நிமிஷம் வரை பட்டியலில் ஜீவித்திருக்கும். தலைவரிடமிருந்து பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு முறை நகல் எடுக்கும் உப தலைவர்களின் பட்டியலில் 51 நிமிஷம் வரைகூட இருக்கலாம். இதற்கு மாறாக, இப்போதுதான் வந்து உட்கார்ந்த யந்திரம் பட்டியலில் இடம்பெறாமல் வெளியே நிற்கும். காலஞ்சென்ற தாத்தாவின் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்க, உயிரோடு வாக்குச் சாவடிக்கு வந்த பேரனின் பெயர் காணாமற்போகும் அதிசயத்தைக் கண்டிருக்கும் நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய முதற் பாடம் ஒன்று உண்டு. பட்டியல் வேறு, ஆள் வேறு. பட்டியலில் தெரிவதால் யந்திரம் இருக்கிறது என்று ஏற்படாது. தெரியாததால் இல்லை என்றும் ஏற்படாது.

நிற்க. அடுத்த யந்திரத்தின் பெயர் தெரிந்தால் மட்டும் போதாது. அதனுடன் பேசுவதற்குப் பொதுவான ஒரு பாஷையும் வேண்டும். பைல்களையும் அச்சு யந்திரங்களையும் பகிர்ந்து கொள்வதற்காக 1980-களில் ஐ.பி.எம். கம்பெனியில் உருவாகி, பிறகு மைக்ரோஸாப்ட் கம்பெனி வளர்த்த பாஷைக்கு "எஸ்.எம்.பி." என்று பெயர். இதை விண்டோஸ் அல்லாத யந்திரங்களும் பேசும்படி செய்தவர் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற ஆஸ்திரேலியர். கான்பெரா நகரில் ஆராய்ச்சி மாணவராக இருந்த அவர், கம்பியில் ஓடும் செய்திகளைக் கவனித்து, அதேபோல் பதில் சொல்லும் ஒரு புரோகிராமை எழுதி, 1992-இல் உலகுக்கு இலவசமாகக் கொடுத்தார். எஸ், எம், பி ஆகிய மூன்று எழுத்துக்களும் வரும் வார்த்தையை அகராதியில் தேடி "ஸாம்பா" என்று பிற்பாடு பெயரிட்டார். அந்தப் புரோகிராம் இன்றும் எத்தனையோ காரியாலயங்களில் பைல்களைக் காத்து வருகிறது.

2017, மே 12

அந்த எஸ்.எம்.பி. பாஷையின் முதற் பதிப்பு, அண்டை வீட்டாரைச் சந்தேகிக்கத் தெரியாத காலத்தில் பிறந்தது. காரியாலயத்துக்குள் இருப்பவர்கள் எல்லோரும் நம்மவர்களே என்பது அன்றைய நம்பிக்கை. 2007-இல் வந்த விண்டோஸ் விஸ்டாவுடன் இரண்டாம் பதிப்பும், 2012-இல் விண்டோஸ் 8-உடன் மூன்றாம் பதிப்பும் வந்தன. ஆனாலும் பழையதையும் ஒரு மூலையில் விட்டு வைத்திருந்தார்கள். பழைய யந்திரங்கள் மனம் நோகக்கூடாதல்லவா?

அந்தப் பழைய கதவில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அதை அடைப்பதற்கான திருத்தத்தை மைக்ரோஸாப்ட் கம்பெனி 2017 மார்ச் 14-ந் தேதி வெளியிட்டது. ஓட்டையில் புகுவதற்கான கருவி அடுத்த மாதமே திருடர்களால் பகிரங்கப்படுத்தப்பட்டது. அது அமெரிக்க அரசாங்கத்தின் தேசீயப் பாதுகாப்பு ஏஜென்ஸியிடமிருந்து களவு போனது என்று மைக்ரோஸாப்ட் கம்பெனியின் தலைவர் பிராட் ஸ்மித் வெளிப்படையாகவே குற்றம் சாட்டினார். மே மாதம் 12-ந் தேதி "வானாக்ரை" என்னும் பீடை உலகத்தின்மேல் அவிழ்த்துவிடப்பட்டது.

ஒரு யந்திரத்தில் புகுந்தால் அது அங்குள்ள பைல்களையெல்லாம் ரகசிய லிபியில் பூட்டிவிட்டு, முன்னூறு டாலர் தந்தால் திறப்பேன் என்று மிரட்டும். அத்துடன் நில்லாமல் அக்கம்பக்கத்து யந்திரங்களின் கதவையெல்லாம் தட்டும். அடுத்த யந்திரத்துக்கு அது செல்வதற்கு யாரும் எதையும் தொட வேண்டியதில்லை. இரண்டாவது பாடம் இங்கே இருக்கிறது. வானாக்ரை பெயர்ப் பட்டியலைப் பார்த்துக் கொண்டு போகவில்லை. கதவு இலக்கங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக் கொண்டு போயிற்று. ஆகவே, பட்டியலில் தெரியாமல் இருப்பதே பாதுகாப்பு என்று ஒருவரும் நிம்மதியாகத் தூங்க முடியாது.

இங்கிலாந்தில் தேசீய வைத்திய சேவையைச் சேர்ந்த ஆஸ்பத்திரிகள் ஸ்தம்பித்தன. நோயாளிகளுக்கு முன்கூட்டி நிச்சயிக்கப்பட்டிருந்த சிகிச்சைகளிலும் வைத்தியர் சந்திப்புகளிலும் 6,912 ரத்தானதாகக் கண்டறியப்பட்டது. மொத்தம் 19,000-க்கு மேல் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். ஐந்து பிரதேசங்களில் அவசரச் சிகிச்சைக்கு வந்தவர்கள் இன்னும் தொலைவிலுள்ள ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது. பாதிக்கப்பட்ட யந்திரங்களில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 உள்ளவை. திருத்தம் வந்து இரண்டு மாதமாகியும் அவற்றில் அதை இடவில்லை. நல்லவேளையாக, அந்தப் பீடை இன்டர்நெட்டில் ஒரு விலாசத்தைத் தேடுவதைக் கண்ட இளம் ஆராய்ச்சியாளர் ஒருவர், அந்த விலாசத்தைத் தம் பெயரில் பதிந்து கொண்டார். அத்துடன் அதன் வேகம் அடங்கிற்று.

பழைய பாஷையைக் கைவிடுங்கள் என்று மைக்ரோஸாப்ட் கம்பெனி அதற்கு முன்பிருந்தே மன்றாடிக் கொண்டிருந்தது. 2017 இலையுதிர் காலத்தில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதற்கொண்டு, புதிதாக நிறுவப்படும் யந்திரங்களில் முதற் பதிப்பு இயல்பான உபயோகத்திலிருந்து நீக்கப்பட்டு வந்தது. தேர்தல் நடத்திப் பட்டியல் தயாரித்த ஏற்பாடு அந்தப் பழைய பாஷையையே நம்பியிருந்தது. பாஷை போனதும் தேர்தலும் போயிற்று. தேர்தலோடு பட்டியலும் போயிற்று. வெறுமையான ஜன்னலின் கதை இதுதான்.

செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்

அப்படியானால் அடுத்த மேஜையைப் பார்க்கவே முடியாதா? தாராளமாகப் பார்க்கலாம். அதற்கு ஒழுங்கான வழி இருக்கிறது.

முதலில் கம்பி செருகியிருக்கிறதா, அதன் அருகே சின்ன விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். இதைச் சொல்லுவதற்கு வெட்கமாக இருக்கலாம்; பார்க்காமல் விடுவதற்குத்தான் வெட்கப்பட வேண்டும். இரண்டாவது, இரு யந்திரங்களும் ஒரே தெருவில் இருக்கின்றனவா என்பது. ஒன்று கம்பியிலும் மற்றொன்று விருந்தாளிகளுக்கான வை-பையிலும் இருந்தால், அவை ஒரே அறையில் இருந்தும் வேறு வேறு ஊர்தான்.

மூன்றாவது, இந்த நெட்வொர்க் பொது இடமா, சொந்த இடமா என்று விண்டோஸ் குறித்து வைத்திருக்கும். பொது இடம் என்றிருந்தால் அது முக்காடு போட்டுக் கொண்டுவிடும். நம்பிக்கையான காரியாலயத்தில் சொந்த இடம் என்று மாற்றிக் கொள்ளலாம். ரயில்வே ஸ்டேஷனிலும் ஹோட்டலிலும் முக்காடே நல்லது. நான்காவது, பிறரைக் கண்டறிவதற்கான "நெட்வொர்க் டிஸ்கவரி" என்ற விசையைத் திறக்க வேண்டும். தன்னைப் பிறருக்கு அறிவிக்கும் "பங்க்ஷன் டிஸ்கவரி ரிஸோர்ஸ் பப்ளிகேஷன்" என்ற நீளமான பெயருடைய சேவகர் வேலை செய்கிறாரா என்றும் பார்க்க வேண்டும். தமுக்கு அடிக்கும் வேலை இப்பொழுது அவருடையது.

இவ்வளவுக்குப் பிறகும் தெரியாவிட்டால், பட்டியலை மறந்துவிட்டு ஆளைப் பெயர் சொல்லி அழைப்பதே உத்தமம். விலாசம் எழுதும் இடத்தில் பின்பக்கம் சாய்ந்த கோடு இரண்டு போட்டு யந்திரத்தின் பெயரை எழுதினால் போதும். பெயருக்கு வராதவர் இலக்கத்துக்கு வந்தால், கம்பியில் குறையில்லை, பெயரில்தான் குழப்பம் என்று தெளியலாம்.

கதவு வரையில் வந்தாயிற்று, உள்ளே போகலாமா? நம்முடைய பழைய வீடுகளில் திண்ணை உண்டு. வழிப்போக்கர் அங்கே உட்காரலாம், உறங்கலாம். ரேழியைக் கடந்து கூடத்துக்கு வர அறிமுகம் வேண்டும். காமிரா அறையிலுள்ள பெட்டிச் சாவியோ வீட்டு அம்மாளின் இடுப்பிலேயே இருக்கும். கம்ப்யூட்டரும் அப்படித்தான் இருக்க வேண்டும். பொதுவாகப் பகிர்ந்த போல்டர் திண்ணை. இன்னாருக்கு மட்டும் என்று பெயர் குறித்துப் பகிர்ந்தது கூடம். மற்றதெல்லாம் காமிரா அறை. விண்டோஸில் பகிர்வுக்கு ஓர் அனுமதியும் போல்டருக்கு ஓர் அனுமதியும் உண்டு. வெளியிலிருந்து வருகிறவருக்கு இரண்டில் எது கண்டிப்பானதோ அதுவே செல்லும். 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில், காரியாலயங்களுக்கான வகைகள் பெயரும் கடவுச் சொல்லும் கேட்காத பழைய பைல் பெட்டிகளோடு இயல்பாகப் பேச மறுக்கின்றன. நேற்று வரை திறந்த பெட்டி இன்று திறக்கவில்லையே என்று ஏங்குகிறவர்கள், அந்தப் பெட்டியில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரையும் கடவுச் சொல்லையும் ஏற்படுத்துவதே சரியான பரிகாரம்.

செய்யக் கூடாதது என்ன? அவசரத்தில் யாராவது ஒரு சிநேகிதர் வந்து, "பழைய எஸ்.எம்.பி. முதற் பதிப்பைத் திறந்துவிடு, எல்லாம் தெரியும்" என்பார். அவர் சொல்வது ஒரு வகையில் உண்மை; அண்டை வீடும் தெரியலாம், திருடனுக்கு நம் வீடும் தெரியலாம். "காவல் புரோகிராமை நிறுத்திவிடு" என்பார் இன்னொருவர். "எல்லோருக்கும் முழு அனுமதி கொடுத்துவிடு" என்பார் மூன்றாமவர். மூவருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட வேண்டும். பழைய பாஷை மட்டுமே தெரிந்த நகல் யந்திரம் ஒன்று காரியாலயத்தில் இருக்குமானால், அதற்குப் புதிய பாஷை கற்பிக்கும் திருத்தம் உண்டா என்று விசாரிக்கலாம். இல்லையேல் நகலை ஈ-மெயிலில் அனுப்பச் செய்யலாம். ஒரு யந்திரத்தின் சௌகரியத்துக்காகத் தெரு முழுவதன் கதவையும் கழற்றி வைப்பது விவேகம் ஆகாது.

இன்னொன்றும் செய்ய வேண்டும். முக்கியமான பைல்களின் பிரதி ஒன்றை நெட்வொர்க்கோடு இணையாத இடத்தில் வைத்திருக்க வேண்டும். வானாக்ரை போன்ற பீடைகள் எழுத அனுமதியுள்ள இடத்தையெல்லாம் பூட்டிவிடக் கூடியவை. அதற்குப் பிறகு பிரதி தேடுவது தும்பை விட்டு வாலைப் பிடிப்பதாகும்.

தெரிந்தாலும் திறக்கலாமா?

கடைசியாக ஒரு தர்ம விஷயம். கதவு திறந்திருந்தது என்பதனால் உள்ளே நுழைவது நியாயமாகிவிடாது. சக உத்தியோகஸ்தரின் போல்டர் தவறுதலாகப் பகிரப்பட்டிருக்கலாம். அதில் யாருக்கு எவ்வளவு சம்பளம், யார் எந்த நோய்க்காக விடுமுறை எடுத்தார் என்பதெல்லாம் இருக்கலாம். பார்த்துவிட்டு நாலு பேரிடம் சொல்லுவதைவிட, "ஐயா, உங்கள் பெட்டி திறந்திருக்கிறது" என்று உரியவரிடம் சொல்லுவதே பெரியமனிதத்தனம். சொந்தக்காரரின் அனுமதியின்றிப் பிறர் கம்ப்யூட்டரில் புகுந்தவரிடம் நஷ்ட ஈடு கேட்பதற்கு, நம் தேசத்தில் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆயினும் சட்டத்துக்கு அஞ்சித்தான் நல்ல அண்டை வீட்டாராக இருக்க வேண்டும் என்பதில்லை.

காரியாலயத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆண்டுக்கு ஒரு தடவையாவது, எந்த யந்திரத்தில் எந்த போல்டர் யாருக்குத் திறந்திருக்கிறது என்று கணக்கெடுங்கள். வேலையை விட்டுப் போனவரின் பெயர் இன்னும் அனுமதி ஜாபிதாவில் இருக்கிறதா என்று பாருங்கள். வந்த திருத்தங்களை வந்த வாரத்திலேயே யந்திரங்களுக்கு இடுங்கள். இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் சிகிச்சைக்கு நாள் குறித்துக் காத்திருந்து ஏமாந்து திரும்பிய நோயாளிகள் ஒருவரும் கம்ப்யூட்டரைத் தொட்டவர்கள் அல்லர்; பிறருடைய அசிரத்தைக்கு அவர்கள் விலை கொடுத்தார்கள். காரியாலயத்துக் கதவுகளைக் கவனிப்பது வேண்டாத வேலை என்று இனியும் ஒருவர் சொல்லுவாரானால், அவர் அந்த நோயாளிகளின் இடத்தில் தம் வீட்டார் ஒருவரை வைத்து எண்ணிப் பார்ப்பாராக!